மலை தெரிகிற மூலைக் கம்பி

“ஊரு ஜனம் அத்தினியும் திருப்பதிக்கு சாமி பாக்கப் போவுது. நீ கம்பி பாக்கப் போற. நல்லாக் கீது மாமா உன் பக்தி.”

என் மனைவி இதைக் கிண்டலுக்குத்தான் சொன்னாள். ஆனால் அதில் பொய் எதுவும் இல்லை. சித்தூரில் எனக்கு ஒரு சின்ன வெல்டிங் பட்டறை இருக்கிறது. கேட், ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி என்று என்ன வேலை வந்தாலும் செய்வேன். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பின்னால் ஒரு மூன்று மாடிச் சத்திரம் உண்டு. வெளியூரிலிருந்து நோயாளிகளோடு துணைக்கு வருகிறவர்கள் தங்குவதற்காக ஒரு டிரஸ்ட் கட்டியது. அதன் வராந்தாக்களுக்குக் கைப்பிடி போட்டவன் நான். ஏதாவது வேலையாகத் திருப்பதியில் இறங்கினால் முதலில் அங்கேதான் போவேன். ஒவ்வொரு மாடியிலும் கம்பியைப் பிடித்து உலுக்கிப் பார்ப்பேன். ஆடவில்லை என்று தெரிந்த பிறகுதான் டீ இறங்கும். பஸ் ஏறிப் பாகாலா தாண்டும்போது, அந்தக் கடைசி மூலையைச் சரியாக உலுக்கினோமா என்று மறுபடி ஒரு நினைப்பு வரும்.

நான் எட்டாவதோடு நின்றவன். படிப்பு ஏறாமல் நிற்கவில்லை. பயந்து நின்றேன். பரீட்சை நாளன்று பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போவேன், வயிற்றைப் பிசையும், திரும்பிவிடுவேன். இப்படித் திரும்பித் திரும்பி ஒரு நாள் திரும்பிப் போகாமலே இருந்துவிட்டேன். அந்த வயிறு இன்னும் மாறவில்லை. பூட்டை இழுத்துப் பார்ப்பது, கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து ஓடி வருவது எல்லாம் அதன் வேலைதான்.

அந்தச் சத்திர வேலை வந்தபோது கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள டிரஸ்ட் ஒரு எஞ்சினியரை வைத்திருந்தது. கவர்ன்மென்டில் இருந்து ரிட்டயர் ஆனவர். தெலுங்குக்காரர்தான், ஆனாலும் சித்தூரில் இருந்த பழக்கத்தில் எங்கள் தமிழே பேசுவார். மேஜை மேல் துண்டு துண்டாகக் குழாய்களைப் பரப்பி வைத்து என்னைக் கூப்பிட்டார். சாதா இரும்பு இருந்தது. துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு இருந்தது. அலுமினியம் இருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மட்டமானது ஒன்று, நல்லது ஒன்று.

“மேஸ்திரி, இது பொது பில்டிங். வூட்டு மாடி மாதிரி கிடையாது. தினம் நூத்துக்கணக்குல ஜனம் சாயும். துணி காயப் போடும். புள்ளைங்க ஏறும். எப்பவும் பெயின்ட் அடிச்சிகினு இருக்க டிரஸ்ட்டால முடியாது. எது நிக்கும்?”

சாதா இரும்பு வேண்டாம் என்று இருவருக்கும் தெரியும். அலுமினியம் வளையும். கடைசியில் நல்ல எஸ்.எஸ். என்று அவர் சொன்னார். நானும் அதையேதான் நினைத்திருந்தேன். இன்றைக்கும் அவர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று எங்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அதுதான் சரி.

ஆனால் எனக்கு ஒரு வியாதி இருக்கிறதே. கடைக்காரன் காந்தத்தை வைத்துக் காட்டினான். “பாருங்கண்ணா, ஒட்டல. அசல் சரக்கு.” மட்டமானதிலும் காந்தம் ஒட்டாது என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரியும், தெரிந்தும் எல்லோரும் காந்தத்தைத்தான் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். ஒரு சொட்டு மருந்து உண்டு. மட்டமான சரக்கில் விட்டால் சிவக்கும். வந்த குழாய் ஒவ்வொன்றுக்கும் நான் அந்தச் சொட்டை விட்டேன். சிவக்கவில்லை. அப்போதும் மனசு ஆறவில்லை. குழாயைத் துண்டு போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒன்றைக் குளியலறைத் தரையில், பினாயில் தண்ணீர் ஓடும் இடத்தில் போட்டேன். ஒன்றை மொட்டை மாடியில். ஒன்றைப் புளித் தண்ணீரில். இன்னொன்றுக்கு உப்பும் காரமும் வேண்டும் என்று தோன்றியது.

“ஊறுகா ஜாடில இன்னாத்துக்கு பைப்பு?” என்று சமையலறையிலிருந்து கத்தல் வந்தது.

“டெஸ்ட்டு.”

“டெஸ்ட்டா? எட்டாவதுல போயி எழுதிருந்தா இன்னிக்கு எங்க ஊறுகா தப்பிச்சிருக்கும்.”

மாதங்கள் போயின. எதிலும் துரு பிடிக்கவில்லை. தேய்த்தால் பளபளவென்று முகம் தெரிந்தது. அந்த ஜாடித் துண்டை எடுத்துக் கழுவிக்கொண்டு போய் எஞ்சினியரிடம் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, “மாங்கா” என்றார். வேலை ஆரம்பித்தது.

கைப்பிடி போட்டு முடித்து, திறப்பு விழாவெல்லாம் நடந்து, ஜனம் தங்க ஆரம்பித்தது. அதன் பிறகுதான் அந்த மஞ்சள் துணிகள் வந்தன.

மூன்றாவது மாடி வராந்தாவின் கிழக்கு மூலையில் நின்றால் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்து லாட்ஜுக்கும் நடுவில் மலை தெரியும். மற்ற எங்கிருந்து பார்த்தாலும் ஏதாவது ஒரு கட்டடம் மறைக்கும். உள்ளே புருஷனையோ பிள்ளையையோ படுக்க வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அந்த இடம் எப்படித் தெரிந்ததோ, ஒருத்தர் கட்டினார், அவரைப் பார்த்து இன்னொருவர். ஒரு காசை மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியில் முடிந்து, ஏழுமலையானுக்கு வேண்டிக்கொள்வது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். வீட்டில் என்றால் சாமி மாடத்தில் வைப்பார்கள். வீட்டை விட்டு வந்தவர்கள் என்ன செய்வார்கள்? மலையைப் பார்த்த கம்பியில் கட்டினார்கள். பிழைத்து எழுந்தவர் வந்து தன் கையாலேயே அவிழ்த்து, மலைக்குக் கொண்டுபோய் உண்டியலில் போட வேண்டும். அதுதான் அங்கே நடைமுறை ஆகிப்போனது.

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு கஷ்டமான விஷயம் இருக்கிறது. பிழைத்தவர்களின் முடிப்பு போய்விடும். மிச்சம் இருப்பது யாருடையது என்று நான் யோசிக்க மாட்டேன். அவசரத்தில் ஊருக்குப் போனவர்கள், மறந்தவர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பிறகு கொரோனா வந்தது. சத்திரத்து வாட்ச்மேன் முதுகில் ஒரு டப்பாவைக் கட்டிக்கொண்டு காலையும் மாலையும் கைப்பிடி முழுக்க ப்ளீச்சிங் பவுடர் கரைத்த மருந்துத் தண்ணீர் அடித்தார். கொரோனா போன பிறகும் அடித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன்.

“அடிக்கச் சொல்லி மேலருந்து ஆர்டர் வந்துச்சி பாபு. நிறுத்தச் சொல்லி ஆர்டர் ஏதி? வரலயே.”

வெறும் குழாயில் அடித்தால் வழிந்து காய்ந்துவிடும். அந்த மூலையில் வழியவில்லை. பஞ்சு மாதிரி முடிப்புத் துணிகள் அதைக் குடித்தன. குடித்து, குழாயோடு ஒட்டிக்கொண்டு, வெயிலிலும் காயாமல் இருந்தன. காசு, மஞ்சள், குங்குமம், ப்ளீச்சிங் தண்ணீர். நான் ஊறுகாய் ஜாடியில் போட்டுப் பார்த்தேன், புளியில் போட்டுப் பார்த்தேன். ஈரத் துணியைச் சுற்றி வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு மாடத்திலேயே எவர்சில்வர் தட்டில் ஒரு முடிப்பு வருஷக்கணக்காக இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பட்டறைக்குப் போகிறேன். தோன்றவில்லை.

ஒருநாள் வழக்கம்போல் உலுக்கிக்கொண்டு வந்தவன் அந்த மூலையில் நின்றேன். கம்பி ஆடவில்லை. ஆனால் துணிகளுக்குக் கீழே டீ வழிந்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு இறங்கியிருந்தது. பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துணிக்கு ஓரமாகக் குழாயில் அழுத்தினேன். முனை உள்ளே போய்விட்டது. ஒரு சத்தமும் இல்லை. வாழைப்பழத்தில் போவது மாதிரி போனது. நிற்கும் கம்பியோடு மேல் குழாய் சேரும் இடத்திலும் அதே கதை. மேலே பளபள என்று என் முகம் தெரிகிறது, ஒரு சாண் தள்ளி உள்ளே ஒன்றும் இல்லை. கீழே மூன்று மாடி ஆழத்தில் ஆட்டோக்காரர்கள் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள்.

“அண்ணா, அத்த நோண்டாத. என்து அதுல கீது.”

வராந்தாத் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த ஒரு பெண் எழுந்து உட்கார்ந்தாள். சூளூர்பேட்டைப் பக்கம், ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். புருஷனுக்கு சிறுநீரகத்தில் ஏதோ, ஆபரேஷன் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவள் முடிப்பு எது என்று பார்த்தவுடன் தெரியும். மற்றவர்கள் நூலால் கட்டியிருந்தார்கள். அவள் வலை பின்னுகிற நீல நைலான் நூலால் இறுக்கியிருந்தாள்.

“இந்தக் கம்பி உளுத்துப் போச்சிம்மா. யாருனா சாஞ்சா போயிடுவாங்க. மாத்தணும்.”

“மாத்து. யாரு வாணான்னா? அது மட்டும் இருக்கட்டும்.”

“அது இருக்கற எடந்தான் உளுத்துப் போச்சி.”

அவள் மலைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “கட்டனது நானு. அவுக்கறது அவரு. அவுரு நடந்து வந்து அவுக்கணும். நடுவுல வேற கை பட்டா, அப்பறம் நான் யாரக் கேக்கறது?”

வாட்ச்மேனிடம் ஒரு கயிறு வாங்கி மூலையைச் சுற்றிக் கட்டினேன். அருகில் வராதீர்கள் என்று அட்டையில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதித் தொங்கவிட்டேன். எஞ்சினியருக்குப் போன் போட்டேன்.

“இதுல ஏமுந்தி மேஸ்திரி? துணிய தீசேயண்டி, பைப்ப மாத்துங்க. அந்தே” என்றார். துணியை எடுங்கள், குழாயை மாற்றுங்கள், அவ்வளவுதான். போனில் எல்லாமே சுலபம்.

மறுநாள் என் வெல்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். குடியாத்தத்துக்காரன், வாய் ஓயாதவன். மூன்றாவது மாடிக்கு ஏறிப் பார்த்தேன். நான் கட்டிய கயிற்றில் வரிசையாக ஈரத் துணி தொங்கியது. அட்டையைத் திருப்பிப் போட்டு அதன் மேல் யாரோ மாத்திரைகளை வைத்திருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே ஒரு பெரியவர், அதே மூலைக் கம்பியில் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டு, வேட்டியைக் கீழே தொங்கவிட்டுப் பிழிந்துகொண்டிருந்தார்.

கத்தவும் பயம். கத்தினால் திடுக்கிட்டுச் சாய்ந்துவிடுவார். மெதுவாகப் போய் அவர் இடுப்பைப் பிடித்தேன்.

“இன்னாப்பா, கூச்சமா கீது!” என்று நெளிந்தார்.

“பெரியவரே, ரெண்டடி பின்னால வா. அப்பறம் கூசிக்கோ.”

அதற்கு மேல் என்னால் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது. இன்னொரு நாள் கயிற்றை நம்ப முடியாது. வெல்டரிடம் துணிகளை அவிழ்க்கச் சொன்னேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

“மேஸ்திரி, பைப்ப அறுக்கச் சொல்லு, அறுக்கறேன். செவுத்த ஒடைக்கச் சொல்லு, ஒடைக்கறேன். இத்த அவுக்கச் சொல்லாத. எனக்கும் வூட்ல பொண்ணு கீது.”

“ஒண்ணியும் ஆவாதுடா.”

“அப்ப நீயே அவுறேன், பாக்கலாம்.”

நான் கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டேன். பாயில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். அந்த ஒரு முறைதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

மத்தியானம் எஞ்சினியர் வந்தார். விறுவிறு என்று ஏறி வந்தவர் அந்த மூலையைப் பார்த்ததும் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கை தானாகக் கும்பிட்டது.

“இப்போ சொல்லச் சொல்லு, தீசேயண்டின்னு” என்று வெல்டர் என் காதில் முணுமுணுத்தான்.

எஞ்சினியர் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி நான் குத்திய ஓட்டையிலேயே குத்திப் பார்த்தார். பக்கத்தில் குத்திப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்பக்கமாக இன்னொரு கைப்பிடி போட்டுவிடலாமா என்று வராந்தாவை அளந்தார். போட்டால் சக்கர நாற்காலி திரும்பாது. அதையும் விட்டார். கடைசியில் அந்தப் பெண்ணின் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

“ஏம்மா, முடிச்ச அவுக்கலன்னா சரிதானே? கட்டன பைப்ப ரெண்டு பக்கமும் அறுத்து, முடிப்போட அப்பிடியே தூக்கி, அந்த செவுத்துல மாட்டிடறோம். அங்கருந்தும் மலை தெரியுது. ஒத்துக்கறியா?”

அவள் எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் நின்று பார்த்தாள். கொஞ்சம் குனிந்து, கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள். “தெரியுது” என்றாள். பிறகு விரலை நீட்டினாள். “தரைல வெக்கக் கூடாது. நெருப்பு படக் கூடாது. நானும் ஒரு பக்கம் புடிப்பேன்.”

“சரேம்மா.”

நெருப்பு படக் கூடாது என்றால் மிஷின் ஆகாது. பொறி பறக்கும். கையால் ஆக்ஸா பிளேடு போட்டு அறுக்க வேண்டும். வெல்டர் தலையில் கை வைத்தான்.

“மிஷின வெச்சிகினு கையால அறுக்கற ஒரே பட்டற நம்மள்துதான் மேஸ்திரி. போர்டு எழுதி மாட்டிக்கலாம்.”

உளுத்த இடம் வேகமாக அறுந்தது. நல்ல இடம்தான் உயிரை வாங்கியது. எஸ்.எஸ். கையால் அறுக்கிற சாமான் இல்லை. பிளேடு சூடாகி வழுக்கும், பல் போகும், புதுசு மாட்ட வேண்டும். நான் கொஞ்ச நேரம், அவன் கொஞ்ச நேரம். வாட்ச்மேன் ஒரு பக்கம் குழாயைத் தாங்கினார், அந்தப் பெண் இன்னொரு பக்கம். வராந்தாவில் தங்கியிருந்தவர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். யாரும் யோசனை சொல்லவில்லை. திருப்பதியில் நாலு பேர் கூடி யாரும் யோசனை சொல்லாமல் இருந்தது எனக்குத் தெரிந்து அதுதான்.

குழாய் விட்டபோது கனம் எங்கள் கைக்கு வந்தது. துணியெல்லாம் ஈரமாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நாலு பேர், ஆளுக்கொரு பக்கம் தோள் மட்டத்துக்குத் தூக்கி, அடிமேல் அடி வைத்துச் சுவர் வரை போனோம். அப்படித் தூக்கிக்கொண்டு போனது எனக்கு எதை ஞாபகப்படுத்தியதோ அதை நான் அங்கே வாய்விட்டுச் சொல்லவில்லை. வெல்டர்கூட வாயை மூடிக்கொண்டிருந்தான்.

சுவரில் இரண்டு இரும்புத் தாங்கிகள் அடித்து, அதில் அந்தக் குழாயைப் படுக்க வைத்தோம். அங்கே யாரும் சாய வேண்டியதில்லை. உளுத்தாலும் சுவர்தான் பின்னால். அவள் தன் நீல முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்தாள்.

மூலை காலியாக இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் தற்காலிகமாகச் சவுக்குக் கட்டைகளைக் குறுக்கே கட்டினோம். எஞ்சினியரும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்தோம். இரண்டு பேரும் களைத்துப் போயிருந்தோம். பழைய மேஜைப் பேச்சு மறுபடி ஆரம்பித்தது.

“எஸ்.எஸ்.லியே இன்னும் ஒசந்தது கீது. கடலோரத்துல போடறது. அத்த போடலாமா?”

“அதுவும் ஈரத்துணிக்குக் கீழ எத்தினி வருஷம் சார் நிக்கும்?”

“நின்னா நிக்கும். நிக்கலன்னா...” என்று டீயை ஊதினார்.

“இரும்பு போடலாம் சார். கனமான பைப்பு. துத்தநாகத்துல முக்கினது.”

“ப்ளீச்சிங் தண்ணி துத்தநாகத்த துன்னாதா?”

“துன்னும் சார். ஆனா துன்னா தெரியும்.”

இதை யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் நானே கேட்டேன். எஸ்.எஸ். கடைசி வரைக்கும் பளபள என்று இருந்துவிட்டு ஒரு நாள் கையோடு வந்துவிடுகிறது. இரும்பு அப்படி இல்லை. முதலில் வெள்ளையாகப் பூக்கும், பிறகு சிவக்கும், பிறகு பொரியும். ரொம்ப நாள் முனகிக்கொண்டேதான் போகும். கனமாகப் போட்டால் முனகுகிற நாளும் அதிகம். என்னை மாதிரி ஆளுக்கு, கெட்டுப்போகாத சாமானைவிட, கெட்டுப்போவதைக் காட்டிக்கொடுக்கிற சாமான்தான் கொஞ்சம் தூக்கம் கொடுக்கும்.

எஞ்சினியர் டீ டம்ளரைப் படியில் வைத்தார். பிறகு கேட்டார். “தெரியும் சரி. தெரிஞ்சா யாரு வந்து பாக்கறது? வருஷா வருஷம் யாரு பெயின்ட் அடிக்கறது?”

“நான் வர்றேன் சார்.”

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, மருந்து அடித்தால் அரை மணியில் நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்துவிட வேண்டும் என்றார். “ஆர்டரா சார்?” என்றார் வாட்ச்மேன். “ஆர்டரே” என்றார் இவர்.

வீட்டில் சொன்னபோது மனைவி தட்டை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீ இன்னா அந்த சத்திரத்துக்கு மருமவனா?” பிறகு சாமி மாடத்துக்குப் போய் எவர்சில்வர் தட்டில் இருந்த முடிப்பைத் தூக்கி அடியில் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இருந்தாலும் அதை எடுத்து ஒரு மண் அகலில் வைத்தாள். என் வியாதி ஒட்டுவாரொட்டி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புது இரும்புக் கைப்பிடியை மூன்றாவது மாடி முழுக்க மாட்டினோம். சாம்பல் நிறம், ஒரு அழகும் கிடையாது. பளபளப்பு போய்விட்டது என்று தங்கியிருந்தவர்களே குறைப்பட்டார்கள். அந்தப் பெண் அப்போதும் அங்கேதான் இருந்தாள். ஆபரேஷன் முடிந்திருந்தது, ஆனால் காய்ச்சல் விடவில்லை என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் பெயின்ட் டப்பாவோடு நானும் வெல்டரும் போன அன்றைக்கு அவளை மறுபடி பார்த்தேன். செக்கப்புக்கு வந்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் ஒரு மெலிந்த ஆள், படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். ஒவ்வொரு படியிலும் நின்றார். அவர் பிடித்த ஒவ்வொரு இடத்திலும் என் மனசும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. மேலே வந்து சுவர்க் குழாயில் நீல முடிச்சைத் தேடிக் கண்டுபிடித்தார். நகத்தால் நெம்பிப் பார்த்தார். வலைக்காரி போட்ட முடிச்சு லேசில் விடுமா?

“இத்த இன்னா, சுறாவுக்குப் போட்ட முடிச்சா?” என்றார் அவளிடம்.

“உனக்குப் போட்டது. அவுறு.”

என் பையில் கட்டிங் பிளேயர் இருந்தது. எடுத்து நீட்டினேன். அவள் முறைத்தாள். உள்ளே வைத்துவிட்டேன். அவர் கடைசியில் குனிந்து பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். காசு கறுத்துப் போயிருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்து அவள் அதை மடியில் செருகிக்கொண்டாள். “வர்றோம்ணா” என்றாள். இறங்கும்போதும் அவர் ஒவ்வொரு படியிலும் நின்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷம் என்று சொல்லிக்கொள்கிற மாதிரியும் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு மூலைக்குப் போனேன்.

அங்கே, புது இரும்புக் கைப்பிடியில், மலையைப் பார்த்த அதே இடத்தில், ஈரம் காயாத புது மஞ்சள் முடிப்புகள் தொங்கின. சுவர்ப் பக்கம் அவ்வளவு இடம் விட்டிருந்தோம். யாருக்கு அது தெரியும்? நின்று அழுகிற இடத்தில்தானே கை கட்டும்.

வெல்டர் விழுந்து விழுந்து சிரித்தான். “மேஸ்திரி, இப்ப இன்னா பண்ணுவ? செவுத்தத் தூக்கி இங்க வெச்சிடலாமா?”

நான் குனிந்து பார்த்தேன். துணிக்கு அடியில் லேசாக வெள்ளை பூத்திருந்தது. சிவப்பு இன்னும் வரவில்லை. தண்ணீர் விட்டு அலம்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காய விட்டோம். அவிழ்ப்பதுதான் தப்பு, தூக்குவது தப்பில்லை என்று அன்றைக்கே ஒத்துக்கொண்டதுதான். முடிச்சு அவிழாமல் துணிகளை விரலால் நகர்த்திச் சேர்த்துக் கம்பியிலிருந்து மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் அடியில் பெயின்ட் அடித்தான். அடித்துவிட்டு டீ குடிக்க இறங்கிப் போய்விட்டான்.

பெயின்ட் காய வேண்டும். யாருடையவை என்று தெரியாத அந்த முடிப்புகளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, மலையைப் பார்த்துக்கொண்டு, கம்பியில் சாயாமல் நின்றுகொண்டிருந்தேன்.